அடைத்து வைத்த இதழ்களில் திருட்டு தெரியாது: தமிழ் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இலக்கியம், மொழியியல், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் முதலிய துறைகளில் தமிழில் ஆய்விதழ் நடத்திவரும் ஆசிரியர்களுக்கும் பதிப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழு தரமானவை என்று ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான 'கேர்' பட்டியலை நிறுத்திவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தபோது உங்களில் சிலர் நிம்மதி அடைந்திருப்பீர்கள், சிலர் கலங்கியிருப்பீர்கள். இடம் பெற விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு ஒரு தடை விலகியது. இடம் பெற்றிருந்தவர்களுக்கு, அட்டையில் அச்சிட்டுவந்த ஒரு தகுதி போயிற்று. எது நல்ல இதழ் என்பதை இனி அந்தந்த உயர்கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கூறி, அதற்கு உதவியாகச் சில அளவுகோல்களை மட்டும் மானியக் குழு பரிந்துரைத்திருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை தேடித் தருவதையும், அவர்கள் எழுதியவை பிறர் எழுத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று மென்பொருளில் ஒப்புமைச் சோதனை செய்து தருவதையும் அன்றாட வேலையாகக் கொண்ட ஒரு கல்லூரி நூலகன் என்ற முறையில், இந்த நேரத்தில் உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்கள் இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரையையும், எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் எந்தத் தேடுபொறியும் சொல் சொல்லாகத் தேடவும் கூடிய வடிவில், எழுதியவரின் பதிப்புரிமையை எழுதியவரிடமே விட்டுவைத்து வெளியிடுங்கள். அறிவு பரவ வேண்டும் என்ற பெரிய நோக்கத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. தமிழ் ஆய்வுலகில் நடக்கும் கருத்துத் திருட்டைப் பிடிக்க இதை விட்டால் வேறு நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் வந்த கதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்களின் பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் கட்டுரைகளுக்குத் தரப்படும் மதிப்பெண்ணோடு இணைத்தன. மதிப்பெண் வேண்டியவர்கள் பெருகப் பெருக, கட்டுரையை வாங்கி அச்சிட்டுத் தரும் இதழ்களும் பெருகின. அதைக் கட்டுப்படுத்த 2017-இல் ஒரு பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த இதழ்களிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றில் மிகப் பெரும்பாலானவை அடிப்படைத் தகுதியைக்கூட எட்டவில்லை என்று 2018-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் மானியக் குழுவே 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் வந்ததுதான் கேர். இத்தனை பட்டியல்களும் இதழின் பெயரைப் பார்த்தன. அதற்குள் இருந்த கட்டுரை யாருடையது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டுரைகள் பட்டியல் போட்டவர்களின் கைக்கே எட்டாத இடத்தில் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்காகப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து, இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில், இரண்டு வெவ்வேறு பெயர்களில் வந்திருந்த கட்டுரைகளில் ஒரே புறநானூற்றுப் பாடலுக்கு ஒரே தவறான எண் தரப்பட்டிருந்தது. பாட்டு சரியாக இருந்தது, எண் மட்டும் பிழை. அதன் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், முன்னுரையும் முடிவுரையும் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. சுவடி ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல: இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்தன என்பது பதிப்புக் கலையின் முதல் பாடம். ஆனால் அந்த இரண்டு இதழ்களும் ஒரே மேசைக்கு வந்தது தற்செயல். அவற்றில் ஒன்று எந்த நூலகத்துக்கும் முறையாக வராத இதழ். கட்டுரையாளருக்கு அனுப்பப்பட்ட படி யாரோ ஒருவர் வழியாக எங்களிடம் வந்திருந்தது. இரண்டுமே இணையத்தில் இல்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் இரண்டுக்கும் ஒப்புமை பூஜ்யம் என்றே சான்றிதழ் கிடைத்திருக்கும்.

அந்தச் சான்றிதழைப் பற்றி, அதை நாள்தோறும் அச்சிட்டுக் கையெழுத்திடுபவன் என்ற உரிமையில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் ஒப்புமையை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன: 10 விழுக்காடு வரை குற்றம் இல்லை, 10-க்கு மேல் 40 வரை திருத்திய ஆய்வேட்டை ஆறு மாதங்களுக்குள் தர வேண்டும், 40-க்கு மேல் 60 வரை ஓராண்டு காலம் திருத்திய ஆய்வேட்டை அளிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அடுத்த ஆண்டே சோத்சுத்தி திட்டத்தின் வழியாக மத்திய அரசு பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை காணும் மென்பொருளை வழங்கத் தொடங்கியது. இந்த விழுக்காட்டை எல்லோரும் திருட்டின் அளவு என்றே பேசுகிறோம். மென்பொருள் திருட்டை அளப்பதில்லை. தன் கிடங்கில் உள்ள எழுத்துகளோடு புதிதாக வந்த எழுத்துகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று மட்டும் சொல்கிறது. கிடங்கில் இல்லாததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் கோடிக்கணக்கான கட்டுரைகள் அந்தக் கிடங்கில் இருப்பதால் அங்கே அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. தமிழில் அந்த எண் பெரும்பாலும் ஒரு சடங்கு.

கிடங்கில் சேராமல் போவதற்கு இதழ் அச்சில் மட்டுமே இருப்பது ஒரு காரணம். இணையத்தில் இருந்தும் சேராமல் போவதுதான் இன்னும் வருந்தத்தக்கது. உங்களில் பலருடைய இதழ்கள் இன்றும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, அப்படியே பிடிஎஃப் ஆக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்படுகின்றன. திரையில் பார்க்கும் நமக்கு அது தமிழ். இயந்திரத்துக்கு அது தமிழே அல்ல. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கணினியின் கண்ணுக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த பொருளற்ற கோவை. அதே சொல்லை வேறொரு பழைய எழுத்துருவில் அடித்தால் வேறொரு கோவை வரும். ஒருவருடைய கட்டுரையைப் பாமினியிலிருந்து எடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) மாற்றி அடித்துக் கொடுத்தால், ஓர் எழுத்துகூட மாறாத அந்தப் படியைப் புத்தம்புதிய படைப்பு என்று மென்பொருள் சான்று தரும். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றியிருந்தாலும் இதே கதைதான். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. ஆயினும் அங்குள்ள தமிழ் ஆய்வேடுகளில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்; கண்முன் விரியும் பக்கத்தில் இருக்கும் சொல் தேடலில் சிக்காத நிலையைப் பல ஏடுகளில் காண்பீர்கள். திறந்திருக்கும் கதவு, உள்ளே போனால் இருட்டு.

விதிமுறையே தமிழுக்குப் பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் விதி, அதற்கு எல்லையாகத் தொடர்ச்சியான 14 சொற்களை வைக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரு நடுத்தர வாக்கியத்தின் பாதியாக இருக்கலாம். வேற்றுமை உருபும் சாரியையும் இடைச்சொல்லும் பெயரோடும் வினையோடும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும் தமிழில் 14 சொற்கள் ஒரு முழுக் கருத்தைத் தாங்கிவிடும். குறளுக்கு ஏழு சீர். இரண்டு குறளுக்குப் பதினான்கு. அந்த இடத்துக்குள் ஓர் ஆய்வாளர் பத்தாண்டு உழைத்துக் கண்ட முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். இன்னொரு பக்கம், சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டாமல் எழுத முடியாத ஆய்வேட்டில், மேற்கோள் குறி சரியாக இடப்படாத காரணத்தாலேயே ஒப்புமை விழுக்காடு ஏறி, நேர்மையான மாணவர் மூலத்தைச் சிதைத்து எழுதும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அடிகளை முன்பின்னாக மாற்றி எழுதிய அகநானூற்று மேற்கோளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விதியை வகுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, உங்களிடம் அல்ல. எனினும் விழுக்காட்டை மட்டும் நம்பிக் கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மொழிபெயர்த்துத் திருடுவது இவை அனைத்தையும்விட எளிது. ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டால் சில நொடிகளில் தமிழ் வருகிறது. வாக்கியங்களை நேர்செய்தால் கட்டுரை தயார். இது கருத்துத் திருட்டு மட்டுமல்ல, சட்டமீறலும்கூட. மொழிபெயர்க்கும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரியது. இதைப் பிடிக்கக் கூடியவர் அந்தத் துறையில் தொடர்ந்து படிக்கிற ஒரு மதிப்பாய்வாளர், அல்லது வெளிவந்த கட்டுரையைத் தற்செயலாகப் படிக்கும் மூல ஆசிரியர். இருவரிடமும் உங்கள் கட்டுரை போய்ச் சேர வேண்டுமானால் அது எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

'இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்கள், அதனால்தான் அச்சோடு நிறுத்திக்கொண்டோம்' என்று உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எடுப்பவனுக்கு ஓர் அச்சுப் படி போதும். மூலம் வெளியில் இல்லாமல் இருப்பதே அவனுக்கு வசதி. மூலம் திறந்திருந்தால், எடுத்த பத்தியில் ஓர் வரியைத் தேடுபொறியில் இட்டவுடன் எழுதியவரின் பெயரும் ஆண்டும் முதலில் வந்து நிற்கும்.

இங்கே இரண்டு குற்றங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பதிப்புரிமை மீறல் சட்டம் சார்ந்தது. கருத்துத் திருட்டு ஆய்வு நேர்மை சார்ந்தது. இரண்டும் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். உ.வே.சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்னும் நம் நாட்டுச் சட்டப்படி அவர் எழுத்துகளின் பதிப்புரிமை 2002-ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிட்டது. அவருடைய முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் இன்று எவரும் அச்சிடலாம், விற்கலாம். ஆனால் அவர் அடிக்குறிப்பில் திரட்டித் தந்த ஒப்புமைப் பகுதிகளை அவர் பெயர் சொல்லாமல் தன் கண்டுபிடிப்பாக எழுதினால் அது கலப்பற்ற கருத்துத் திருட்டு; சட்டத்தில் அதற்குத் தண்டனை இல்லை, ஆய்வுலகில் மன்னிப்பு இருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசிரியர் பெயரோடும் இதழ்ப் பெயரோடும் வேறொருவர் அனுமதியின்றித் தொகுப்பில் சேர்த்து விற்றால் அது பதிப்புரிமை மீறலாக இருக்கலாம், கருத்துத் திருட்டு அல்ல. கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காகப் பதிப்புரிமை மீறலுக்கான பூட்டை வாங்கி மாட்டியிருக்கிறோம். 'இவ்விதழின் எந்தப் பகுதியையும் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது' என்று இரண்டாம் அட்டையில் அச்சிடுகிறோம். நேர்மையாக மேற்கோள் காட்ட விரும்புகிற மாணவர் அதைப் படித்து அஞ்சுகிறார், திருட வந்தவர் அதைப் படிப்பதேயில்லை. ஆய்வுக்காகவும் திறனாய்வுக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள அனுமதியே தேவையில்லை என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் பாடத் தொகுப்புகளை நகலெடுத்து விற்றதை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான விலக்கை எவ்வளவு அகலமாகப் பார்த்தது என்பதை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். 'பதிப்புரிமை: ஆசிரியருக்கு' என்று இதழில் போட்டு, அந்த ஆசிரியர் என்பது கட்டுரையாசிரியரா இதழாசிரியரா என்று தெளிவாக்காமல் விடுவது நம் வழக்கம். சட்டம் அப்படி மயங்குவதில்லை. எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் எழுத்தில், கையொப்பமிட்டு மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை வேறு எவருக்கும் போகாது என்பது 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிப்பிடப்படாதது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். கட்டுரையாளரிடம் ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்காமல் பல ஆண்டுகள் இதழ் நடத்திவிட்டு, அத்தனை கட்டுரைகளுக்கும் உரிமை நமக்கே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோருவதற்கும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அது சிதைக்கப்பட்டால் தடுப்பதற்கும் உள்ள தனி உரிமை எழுதியவரை விட்டுப் போவதில்லை. 57-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. கருத்துத் திருட்டுக்கு எதிராகச் சட்டத்தில் இருக்கும் உறுதியான கருவி அதுதான். அதை நடத்த வேண்டியவர் எழுதியவர். ஆகவே உரிமை அவரிடமே இருப்பது இதழுக்கு இழப்பு அல்ல.

இதழுக்குத் தேவைப்படுவது வெளியிடும் அனுமதி. அதை ஒரு பக்க உரிமப் படிவத்தில் பெற்றுக்கொள்ளலாம். கட்டுரையாளர் தன் பதிப்புரிமையை வைத்துக்கொண்டு, பிறர் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றின் கீழ் கட்டுரையை வெளியிட இசைகிறார் என்று அதில் எழுதினால் போதும். 2002 முதல் புழக்கத்தில் உள்ள அந்த உரிமங்கள் ஆறிலும், எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை தவறாமல் இருக்கிறது. விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்பவை விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் நிபந்தனைகள். தமிழ்க் கட்டுரைகளை வழிகாட்டி நூல் போடுவோர் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலை உள்ளவர்கள் விற்பனைத் தடையைச் சேர்த்துக்கொள்ளட்டும். மாற்றத் தடையைச் சேர்க்கும் முன் மட்டும் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள், அது மொழிபெயர்ப்பையும் தடுத்துவிடும். தமிழ் ஆய்வு பிற மொழிகளுக்குப் போவதில்லை என்று மேடைதோறும் வருந்துகிற நாமே அந்தக் கதவை அடைக்க வேண்டாம். ஆய்வை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்னும் திறந்த அணுக்கக் கொள்கைக்கு உருவம் தந்த 2002-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் அறிக்கையும், பதிப்புரிமைக்கு இருக்க வேண்டிய ஒரே வேலை படைப்பு சிதையாமல் காப்பதும் எழுதியவருக்கு உரிய பெயரைப் பெற்றுத் தருவதும் என்றே கூறுகிறது. திறப்பது என்றால் உரிமையைத் துறப்பது என்று பொருள் கொள்பவர்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சுயநிதிக் கல்லூரி மாணவர் இப்போதைய கட்டத்தில் அதற்கு வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் அப்படி நிற்பவர் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெரும் பணத்தால் தமிழ் ஆய்விதழ்களுக்கு ஒன்றும் வந்துவிடப் போவதில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகவே நமக்குப் பொருந்தும் வழி வேறு. படிப்பவரிடமும் வாங்காமல், எழுதுபவரிடமும் வாங்காமல், நிறுவனத்தின் சிறு நிதியிலோ பொது நிதியிலோ நடக்கும் முறையை வைர முறை என்கிறார்கள். போர்த்துகீசும் ஸ்பானியமும் பேசும் இலத்தீன் அமெரிக்க நாடுகள், பிரேசிலில் 1998-இல் தொடங்கிய சைஎலோ என்ற பொதுத் தளத்தின் வழியாக இதைப் பெருமளவில் செய்து காட்டியிருக்கின்றன. ஆங்கிலப் பதிப்பகங்களின் சந்தையில் தங்கள் மொழி இதழ்களுக்கு இடமில்லை என்று கண்டபோது, அவர்கள் தங்களுக்கென்று ஒரு மேடை கட்டிக்கொண்டார்கள். இலங்கையில் 2008 முதல் இயங்கும் இலங்கை ஆய்விதழ்களின் இணையத்தளமும் அந்த வழியில் வந்ததே. சென்னைக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல, தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சுப்பையா அருணாசலம் திறந்த அணுக்கத்துக்காக 2000-களின் தொடக்கம் முதலே குரல் கொடுத்துவந்தார். அறிவியல் நிறுவனங்கள் சில அதைக் கேட்டன. தமிழ்த் துறைகளின் காதில் அது விழவில்லை என்றே நினைக்கிறேன்.

இணையத்தில் இதழ் நடத்த இன்று பெரிய செலவு இல்லை. இதழ் நடத்துவதற்கான 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரை வருவது, மதிப்பாய்வுக்குப் போவது, திருத்தம், வெளியீடு எல்லாவற்றையும் நாள் குறித்து அதில் பதிவு செய்யலாம். இதழுக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். எண் இலவசம், ஆனால் அது வெறும் அடையாள எண், தரச்சான்று அல்ல, ஆதலால் அதை அட்டையில் பதக்கம்போல் மாட்டிக்கொள்ள வேண்டாம். கட்டுரையை இணையத்தில் என்றும் கண்டெடுக்க உதவும் நிலையான டி.ஓ.ஐ. எண் வேண்டுமானால், ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்தும் செனோடோ களஞ்சியத்தில் ஏற்றினால் கட்டணமின்றிக் கிடைக்கும். அச்சு இதழை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சந்தாதாரருக்கு அச்சுப் படி போகட்டும், அதே நாளில் ஒருங்குறிப் படி இணையத்திலும் இருக்கட்டும்.

கட்டுரையாளரிடம் வாங்கும் தொகையைப் பற்றி உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சுச் செலவுக்கென்று ஒரு தொகை வாங்குவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை; வெளிப்படையாக அறிவித்து, ரசீது தந்து, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வாங்கினால் அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கருத்தரங்கப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கி, வந்த கட்டுரை அத்தனையையும் ஒரு சிறப்பிதழாகத் தொகுத்து, கருத்தரங்கம் தொடங்கும் காலையிலேயே மேடையில் வெளியிடும் பழக்கத்தில் மதிப்பாய்வு எந்த நாளில் நடந்தது? கருத்தரங்கில் எழும் கேள்விகளால் கட்டுரை திருந்த வேண்டும். இங்கே கேள்வி எழுவதற்கு முன்பே கட்டுரை அச்சேறிவிடுகிறது. கருத்துத் திருட்டுக்கு இதைவிட நல்ல விளைநிலம் இல்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம், மதிப்பாய்வு பற்றியும் கட்டணம் பற்றியும் கட்டுரையாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் அங்குள்ள நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. அந்த அளவு பெரிய வணிகம் நம்முடையது அல்ல. செயல் மட்டும் வேறாக இல்லை.

திறந்து வைத்த பிறகு திருட்டுகள் வெளிவரும், உங்கள் பழைய இதழ்களிலிருந்தும் வரும். அப்போது என்ன செய்வீர்கள் என்பதே உங்கள் இதழின் தரத்தைக் காட்டும் இடம். புகார் வந்ததும் கட்டுரையைச் சத்தமில்லாமல் தளத்திலிருந்து எடுத்துவிடுவது நம் வழக்கமாகி வருகிறது. கட்டுரையாளர் தெரிந்தவர் என்றால் அதுவும் நடப்பதில்லை. ஆய்விதழ் ஆசிரியர்களுக்கென 1997-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பான வெளியீட்டு நெறிக் குழுவின் (COPE) வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை அழிக்கப்படக் கூடாது, அது திரும்பப் பெறப்பட்டது என்ற குறியோடு அதே இடத்தில் நிற்க வேண்டும், யார் திரும்பப் பெற்றார், எதற்காக என்று சொல்லும் அறிவிப்பு அதனோடு இணைந்து, கட்டணமின்றி எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். காரணம் எளிது. அந்தக் கட்டுரையை ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது வெற்றுப் பக்கத்தைக் கண்டால் என்ன நடந்தது என்று அறிய வழியில்லை. மூல ஆசிரியரின் பெயரும் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன், ஏனெனில் பறிபோனது அவருடைய பெயர். கட்டுரையாளருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தராமல் அறிவிப்பை வெளியிடுவதும் தவறு. இரண்டு ஆண்டுகள் கிடப்பில் போடுவதும் தவறு.

பழைய இதழ்களைத் திறப்பதற்கு முன் கட்டுரையாளர்களிடம் இசைவு பெற வேண்டும். மறைந்தவர்களின் உரிமை அவர்கள் வாரிசுகளிடம் இருக்கும். எல்லோரையும் கண்டுபிடிக்க இயலாது என்பதும் உண்மை. இசைவு தேடுவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தித் திறந்து வைத்துவரும் நூலகம் நிறுவனம் நம் கண்முன் இருக்கும் சான்று. தன்னார்வலர்களின் உழைப்பில் தொடங்கிய பணி அது. உங்கள் இதழ்களுக்கு அவ்வளவு பெரிய முயற்சி வேண்டியதில்லை. கடந்த சில ஆண்டுகளின் கட்டுரையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, இசைவு தந்தவர்களின் கட்டுரைகளை முதலில் ஏற்றுங்கள். மற்றவற்றின் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆய்வுச் சுருக்கம், பக்க எண் ஆகியவற்றை மட்டுமாவது ஒருங்குறியில் அட்டவணையாக்கி வையுங்கள். இப்படி ஒரு கட்டுரை இருந்தது என்று தெரிந்தாலே எங்களைப் போன்ற நூலகர்களால் பாதி வேலையைச் செய்துவிட முடியும்.

அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் இரண்டு காரியங்களை நீங்கள் செய்துவிட முடியும். ஒன்று, இரண்டாம் அட்டையில் உள்ள அனுமதி எச்சரிக்கையை நீக்கிவிட்டு, பதிப்புரிமை கட்டுரையாசிரியருக்கு என்பதையும் எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுகிறீர்கள் என்பதையும் இரண்டு வரிகளில் அச்சிடுவது. மற்றொன்று, உங்கள் இதழைப் பக்கம் வடிவமைத்துத் தரும் டி.டி.பி. மையத்துக்குப் போய், பழைய இதழ்களின் பேஜ்மேக்கர் கோப்புகளைக் கேட்டு வாங்கி வைப்பது. எழுத்துரு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்பு கையில் இருந்தால் ஓர் இதழை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை பார்ப்பது சில நாள் வேலை, கோப்பு போய்விட்டால் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். பல மையங்கள் கணினியை மாற்றும்போது பழையவற்றை அழித்துவிடுகின்றன. எழுத்துரு மாற்றத்திலும் அட்டவணை தயாரிப்பதிலும் உதவி வேண்டும் இதழ்களுக்கு, உங்கள் பகுதியிலுள்ள கல்லூரி நூலகர்களைக் கேளுங்கள். எங்களில் பலர் கேட்கப்படாமலே காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர்